நாலு விரல்கடை சாய்ந்த சுவர்

உட்காரு மகளே, இந்த நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள். விடிந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாய். நான் வாசற்படிக்கு இந்தப் பக்கம்தான் இருக்கிறேன், பார்த்துக்கொள். படியைத் தாண்டி உள்ளே கால் வைக்கக் கூடாது என்று எனக்கு உத்தரவு. பங்குச்சாமி போட்ட உத்தரவு. முப்பத்தெட்டு வருடமாக நான் பெருக்கிய கோயில். பரவாயில்லை, எனக்கு அதில் வருத்தமே கிடையாது. வருத்தம் இருந்தால் உனக்குச் சுக்குக்காப்பி போட்டுக்கொண்டு வருவேனா?

குடி. ஆறிவிடும்.

உன் கம்ப்யூட்டர் எத்தனை என்று காட்டுகிறது? முப்பத்தொன்றா? நூறு ஆக இன்னும் ஒன்றரை மணி நேரமா? அம்மாடி. நூறு ஆனதும் வடக்குச் சுவர் சாய்ந்திருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடும், அப்படித்தானே? சாய்ந்திருந்தால் கோயிலை இடித்துவிடுவார்கள். சாயவில்லை என்றால் நிற்கும். ஆயர் இல்லத்திலிருந்து அப்படித்தான் கடிதம் வந்திருக்கிறது. அதுவரைக்கும் செபமாலை சொல்லலாம் என்று பார்த்தால் ஏற்கெனவே மூன்று முறை சொல்லியாயிற்று. நாலாவது முறை போனால் மாதாவுக்கே சலித்துவிடும். அதனால்தான் உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.

போன தடவை அளக்க வந்தவர்கள் உன் கம்பெனிதானா? இல்லையா? வேறயா? அப்போ தாராளமாகச் சொல்லலாம்.

என் பெயர் பிரகாசி. பிள்ளைகள் மூன்று. ஒருத்தன் மஸ்கட், ஒருத்தன் கோயம்புத்தூர், மகள் நாகர்கோவில். மூன்று பேருக்கும் இந்தக் கோயிலில்தான் ஞானஸ்நானம். என் கல்யாணமும் இங்கேதான். அவரை ஆறு வருடத்துக்கு முன்னால் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போனதும் இதே வாசல் வழியாகத்தான். நான் படித்தது எட்டாவது. ஆனால் கோயில் சாவி என்னிடம் இருந்தது. மரியாயின் சேனை என்கிற செபக்கூட்டத்துக்குத் தலைவியாகவும் இருந்தேன். இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். இப்போது செசிலி தலைவி. செசிலி நல்ல பெண்தான். அவளுக்குச் செபம் முழுவதும் மனப்பாடம் கிடையாது, புத்தகத்தைப் பார்த்துத்தான் சொல்வாள், அதற்காகக் குறை சொல்ல முடியுமா? நான் யாரையும் குறை சொல்கிறவள் இல்லை.

செசிலியின் வீட்டுக்காரன் வியாகப்பன். பங்குப் பேரவையில் துணைத்தலைவர். செசிலியின் தம்பி தொம்மை, கான்ட்ராக்டர். இந்த மூன்று பேரையும் மனதில் வைத்துக்கொள், மற்றது தானாகப் புரியும்.

பழைய கோயிலை இடித்துவிட்டு மூவாயிரம் பேர் உட்காருகிற மாதிரி புதிதாகக் கட்ட வேண்டும் என்று வியாகப்பனுக்கு ஆசை. இந்த ஊரில் கைக்குழந்தையைச் சேர்த்து எண்ணினாலும் தொள்ளாயிரம் பேர். மீதிப் பேர் எங்கிருந்து வருவார்கள் என்று கேட்டேன். "விசுவாசம் வளரும் மதினி" என்றான். ஊரில் பாதிப் பேருக்கு இடிக்க மனதில்லை. ஆயர் இல்லத்துக்கு மனு போட்டோம். அங்கிருந்து பதில் வந்தது: இருநூறு வருடத்துக் கட்டடம், இடிப்பதானால் முதலில் ஓர் ஆணியைக்கூட விடாமல் உள்ளது உள்ளபடி கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள், அப்புறம் பார்க்கலாம்.

வியாகப்பனுக்கு ஒரே சந்தோஷம். கூட்டத்தில் எழுந்து நின்று, "கோயில் எங்கயும் போயிராது மதினி. அப்படியே கம்ப்யூட்டர்ல நிக்கும். நீங்க மஸ்கட்டுக்குப் போனாலும் செல்லுல திறந்து உள்ள போய்ப் பாத்துக்கிடலாம்" என்றான்.

"அதுக்குள்ள முழங்கால் போட முடியுமா தம்பி?" என்று கேட்டேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகக் கேட்கவில்லை.

சென்னையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தர் தாடி வைத்தவர், இன்னொருத்தர் தொப்பியைக் கழற்றவே மாட்டார், கோயிலுக்குள்ளேயும்தான். உன்னுடையது மாதிரியே மிஷின். மூன்று கால், மேலே ஒரு தலை, தலை தன்னாலே சுற்றும். ஒரு சுற்று முடியும் வரைக்கும் யாரும் குறுக்கே போகக் கூடாது. அப்புறம் ஃபோட்டோ. ஒரு தூணுக்கே நூறு ஃபோட்டோ எடுத்தார்கள். என் கல்யாணத்துக்கு மொத்தமே ஏழு ஃபோட்டோதான்.

ஆறு வெள்ளைப் பந்துகளை அங்கங்கே தரையில் வைத்தார்கள். தேங்காய் அளவு இருக்கும். இது எதற்குத் தம்பி என்று கேட்டேன். சும்மா, பேச்சுக்குத்தான் கேட்டேன். தாடிக்காரர் நல்ல மாதிரி, விளக்கமாகச் சொன்னார்.

"ஆன்ட்டி, இன்னிக்குக் கீழ்ப்பாதி எடுக்கிறோம். நாளைக்கு மாடியிலேர்ந்து மேல்பாதி. ரெண்டையும் கம்ப்யூட்டர் ஒட்டணும்ல? இந்தப் பந்துங்களை வச்சுத்தான் ஒட்டும். பந்து ஒரு விரல் நகர்ந்தாலும் அவ்வளவுதான், எல்லாம் வேஸ்ட்."

நீயே சொல், இதை என்னிடம் ஏன் சொல்ல வேண்டும்? கோயில் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்கிறவளிடம் போய்?

மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பெருக்க வந்தேன். விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு மிக்கேல் சம்மனசானவர் சிலை முன்னால் போய் நின்றேன். அதோ பார், ஒரு கையில் வாள், ஒரு கையில் தராசு, காலுக்குக் கீழே பிசாசு. அவரிடம் முறையாகவே கேட்டேன். "நகர்த்தட்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்றால் ஓர் அடையாளம் காட்டும். மணி அடிக்கட்டும், பல்லியாவது சொல்லட்டும்." ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்கிற நேரம் காத்திருந்தேன். ஒன்றும் காணோம். பல்லிகூடச் சொல்லவில்லை. அப்போ உத்தரவு கிடைத்ததாகத்தானே அர்த்தம்?

இருந்தாலும் எனக்கு ஒரு பயம் இருந்தது. பின்னால் திருப்பி வைக்க வேண்டிவந்தால் இடம் தெரிய வேண்டுமே. அதனால் மெழுகுதிரியைக் கொளுத்தி, ஒவ்வொரு பந்தும் இருந்த இடத்தை ஒட்டி ஒரு சொட்டு மெழுகு விட்டேன். அப்புறம் நகர்த்தினேன். முதலில் ஒன்றை மட்டும்தான் நகர்த்தினேன். ஆனால் மகளே, பார்க்கச் சகிக்கவில்லை. மற்றதெல்லாம் ஒழுங்காக இருக்க இது மட்டும் தப்பி நின்றது. என் வீட்டு அலமாரியில் ஒரு டம்ளர் தள்ளி இருந்தாலே எனக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் ஆறையும் தெற்குப் பார்த்து ஒரே அளவாக நாலு விரல்கடை நகர்த்தினேன். இந்த நாலு விரலை வைத்துத்தான் அளந்தேன். அப்புறம்தான் மனதுக்குத் திருப்தி.

ஏன் தலையில் கை வைக்கிறாய்?

ஒன்றை மட்டும் நகர்த்தியிருந்தால் கம்ப்யூட்டரே கண்டுபிடித்திருக்குமா? ஆறும் ஒன்றுபோல நகர்ந்ததால்தான் ஏமாந்துவிட்டதா? அவர்களும் பந்தை மட்டும் நம்பாமல் சுவரோடு சுவர் பொருந்துகிறதா என்று சரிபார்த்திருக்க வேண்டுமா? அப்படிச் சொல். பழி முழுவதும் என் மேல் இல்லை என்று நானும் நினைத்தேன்.

என் எண்ணம் என்னவென்றால், படம் கெட்டுப்போகும், இது வேலைக்கு ஆகாது என்று அவர்கள் மூட்டையைக் கட்டிக்கொண்டு போவார்கள், படம் இல்லாமல் இடிக்க முடியாது, வியாகப்பன் ஆறிவிடுவான். கெட்ட எண்ணம் துளிகூடக் கிடையாது.

மூன்று வாரம் கழித்துப் படம் வந்தது. பள்ளிக்கூடத்தில் திரை கட்டிக் காட்டினார்கள். ஊரே வந்திருந்தது. பொய் சொல்லக் கூடாது, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வாசலில் நுழைந்து, நடுப்பாதையில் நடந்து, அப்படியே பறவை மாதிரி மேலே எழும்பி, சம்மனசானவர் முகத்துக்கு நேராகப் போய் நின்றது. அவருக்கு மூக்கில் ஒரு சின்ன வெடிப்பு இருக்கிறது. இத்தனை வருடம் துடைத்த எனக்கே அது தெரியாது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு.

அப்புறம் வடக்குச் சுவர் வந்தது. சுவர் முழுவதும் சிவப்பு அடித்திருந்தார்கள்.

தொப்பிக்காரர் மைக்கை வாங்கி, "இந்தச் சுவர் அடியைவிட உச்சியில எட்டு சென்டிமீட்டர் வெளியே போயிருக்கு. ஆபத்தான நிலை" என்றார்.

எட்டு சென்டிமீட்டர் என்றால் எவ்வளவு என்று பின்னால் இருந்து யாரோ கேட்டார்கள். அவர் கையை உயர்த்தி நாலு விரலைச் சேர்த்துக் காட்டினார்.

நான் என் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன்.

அவ்வளவுதான், ஊர் தலைகீழாகிவிட்டது. இடிக்கக் கூடாது என்று என்னோடு மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே, "பிள்ளேள் மேல விழுந்துட்டா யாரு பதில் சொல்லுவா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். கோயிலைப் பூட்டிவிட்டார்கள். பூசை பள்ளிக்கூட வராந்தாவுக்குப் போய்விட்டது. தொம்மை வந்து சுவரில் காதை வைத்து, தட்டித் தட்டிப் பார்த்து, "எனக்கு அப்பமே தெரியும்" என்றான். எப்பமே தெரியும்? சுவர் சாயாமல் நட்டமாக நிற்கிறது, இவனுக்கு என்ன தெரியும்? கோயிலைக் காப்பாற்றப் போய் நானே கடப்பாரையை எடுத்து அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

எவ்வளவு இப்போது? ஐம்பத்தெட்டா. சரி.

சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். உங்கள் பக்கம் இது கிடையாது இல்லையா ஷமீமா? ஒரு மரக்கூண்டு இருக்கும், கோயிலைப் பூட்டியதும் அதையும் வராந்தாவுக்குத் தூக்கி வந்துவிட்டார்கள். சாமியார் உள்ளே உட்கார்ந்திருப்பார், நாம் பக்கத்தில் முழங்கால் போட்டு, தட்டியின் வழியாக நம் பாவத்தைச் சொல்ல வேண்டும். அங்கே சொன்னதைச் சாமியார் வெளியே மூச்சுவிடக் கூடாது. கழுத்தை அறுத்தாலும் சொல்லக் கூடாது, சாடை காட்டவும் கூடாது. இது எனக்கும் தெரியும், சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் தோன்றவில்லை பார்.

எங்கள் இன்னாசிச் சாமியாருக்கு வயது முப்பத்திரண்டோ என்னவோ. பந்து விஷயம் எல்லாவற்றையும் சொன்னேன். உள்ளே இருந்து இருமல் சத்தம்தான் வந்தது. ரொம்ப நேரம் இருமினார்.

"அம்மா, இத நீங்க பேரவையில சொல்லணும்."

"நீங்க சொல்லுங்க சாமி. நான்தான் உங்ககிட்டச் சொல்லியாச்சுல்லா."

"என்னால முடியாதும்மா."

"ஏன் முடியாது? மைக்கு உங்க கையிலதான இருக்கு?"

மறுபடியும் இருமல். அப்புறம் கெஞ்சுகிற மாதிரி, "சரிம்மா, ஒண்ணு செய்யுங்க. வெளிய வந்து, மரத்தடியில வச்சு, சாதாரணமா எங்கிட்ட இன்னொரு தடவ சொல்லுங்க" என்றார்.

எனக்கு இது நியாயமாகப் படவில்லை. ஒரே பாவத்தை எதற்கு இரண்டு தரம் சொல்ல வேண்டும்? மன்னிப்புக் கிடைத்தாயிற்று. அபராதமாக ஐம்பத்துமூன்று மணி செபமாலை சொல்லச் சொன்னார், அங்கேயே சொல்லி முடித்தேன். மனம் பஞ்சு மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்குப் போய்ச் சாளைமீன் குழம்பு வைத்து வயிறாரச் சாப்பிட்டேன். மரத்தடியில் அந்த மனிதர் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றாராம், பின்னால்தான் தெரியும்.

மறுநாள் பூசை முடிந்ததும் பேரவைக் கூட்டம். இடிக்கச் சம்மதம் என்று தாள் எழுதி வைத்திருந்தான் வியாகப்பன். ஒவ்வொரு சபைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும். நான் நிம்மதியாக உட்கார்ந்திருந்தேன். சாமியார் இப்போது சொல்வார், இப்போது சொல்வார் என்று பார்க்கிறேன். அவர் மோட்டு வளையைப் பார்க்கிறார். தண்ணீர் குடிக்கிறார். "யாருக்காவது ஏதாவது சொல்ல இருக்கா?" என்றார். மறுபடியும், "நல்லா யோசிச்சுப் பாருங்க, யாருக்காவது?" என்றார். நான் அவரைப் பார்த்து, சொல்லுங்கள் என்று தலையை ஆட்டினேன். அவர் முகம் செங்கல் மாதிரி சிவந்துபோனது. மூன்றாவது தடவை கேட்டபோது வியாகப்பனே, "சாமி, அதான் ஒருத்தருக்கும் ஒண்ணும் இல்லங்காவள்ல" என்றான்.

தாள் சுற்றி வந்தது. வாலிபர் சபை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு. கடைசியில் என் மடியில் வந்து விழுந்தது. பேனாவைச் செசிலியே திறந்து கொடுத்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது மகளே. அவர் சொல்ல மாட்டார். சாகும் வரைக்கும் சொல்ல மாட்டார். நான்தான் அவர் வாயைப் பூட்டி வைத்திருக்கிறேன்.

அறுபத்தொரு வயதில், அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்றேன். "சுவரு சாயல. ராத்திரியோட ராத்திரியா பந்த... இல்ல, வெடியக்காலம், பந்த நவுத்துனது நான்தான்" என்றேன்.

என்ன நடந்திருக்கும் என்று நினைக்கிறாய்? திட்டுவார்கள், கல்லெடுத்து எறிவார்கள் என்று நினைத்தேன். ஒருத்தரும் நம்பவில்லை!

"பாவம், பிரகாசியக்கா. கோயிலக் காப்பாத்தத் தம்மேல பழியப் போட்டுக்கிடுதாவ" என்று ஒருத்தி மூக்கைச் சிந்தினாள். "எறும்பக்கூட மிதிக்க மாட்டாவளே" என்றாள் இன்னொருத்தி. வியாகப்பன் வந்து என் தோளைப் பிடித்து உட்கார வைத்து, "மதினி, ஒங்க பக்தி எங்களுக்குத் தெரியாதா? பொய் சொல்லாதீய, பாவம்லா" என்று எனக்கே புத்தி சொன்னான். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே கிடையாது. நான் நல்லவள் என்று ஊர் சொல்வதை அதுவரைக்கும் நானும் பெரிதாக நினைத்திருந்தேன். அன்றைக்கு அது என் கழுத்தைப் பிடித்தது.

"எல்லாரும் எந்திரிங்க. கோயிலுக்கு வாங்க" என்று கத்தினேன். நான் கத்தி யாரும் கேட்டதில்லை, அதனால் வந்துவிட்டார்கள். பூட்டைத் திறந்தேன். தரையில் ஆறு மெழுகுச் சொட்டையும் காட்டினேன். மெழுகு கோயிலில் எங்கேயும்தான் சொட்டியிருக்கும் என்றான் தொம்மை. அப்போது சாமியார் எங்கிருந்தோ படம் ஏற்றிய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்கு உயிர் வந்துவிட்டது. ஊர் முன்னாலேயே நான் சொல்லிவிட்டேனே, இனி அவர் பேசலாம். முதல் நாள் எடுத்த ஃபோட்டோவைப் பெரிதாக்கினார். பந்து இருக்கிறது, மெழுகு இல்லை. இரண்டாம் நாள் ஃபோட்டோவைப் பெரிதாக்கினார். மெழுகு இருக்கிறது, பந்து தள்ளி நிற்கிறது. நான் குனிந்து நாலு விரலை நடுவில் வைத்துக் காட்டினேன். ஆறு இடத்திலும்.

செசிலிதான் முதலில் வாயைத் திறந்தாள். "இவளையா நம்ம மாதாவுக்கு அடுத்தபடின்னு நெனச்சோம்?"

அந்த வாரமே என்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டார்கள். சேனையிலிருந்தும் நீக்கினார்கள். மறுபடியும் அளக்க வேண்டும், நான் இருக்கும் திசையில்கூடப் பந்து வைக்கக் கூடாது என்று பேரவையில் தீர்மானம் போட்டார்கள். எழுத்தில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன். முன்பெல்லாம் தெருவில் போனால் பெண்கள் தங்கள் பிள்ளைகளை என்னிடம் அனுப்பி நெற்றியில் சிலுவை போடச் சொல்வார்கள். இப்போது பிள்ளைகள் என்னைக் கண்டால் கையில் இருக்கிற பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்கின்றன. எனக்கும் சிரிப்பு வந்துவிடும்.

இதெல்லாம் போகட்டும் மகளே. எனக்கு ஒரே ஒரு பயம்தான். பகலில் எல்லோரிடமும் சுவர் நேராக நிற்கிறது என்று சத்தியம் செய்கிறேன். ஆனால் நான் என்ன தூக்குக்குண்டு போட்டா பார்த்தேன்? இருநூறு வருடத்துச் சுவர். நான் நாலு விரல் நகர்த்தினேன் என்பது உண்மை. அது உண்மையிலேயே இரண்டு விரல் சாய்ந்திருந்தால்? அப்போ நான் பட்டதெல்லாம் எதற்கு?

என்ன, சத்தம் போடுகிறது? நூறா? அதற்குள்ளேயா?

இரு, இரு, இப்போது சொல்லாதே. நான் கண்ணை மூடிக்கொள்கிறேன்.

ம். சொல்.

பதினொரு மில்லிமீட்டரா? எனக்கு மில்லிமீட்டர் எல்லாம் தெரியாது, விரலில் காட்டு. இவ்வளவுதானா? என் சுண்டுவிரல் அகலமா? அது சுண்ணாம்புப் பூச்சு மேலேயும் கீழேயும் கூடக்குறைய இருப்பதா? அப்போ சுவர்?

இன்னொரு தடவை சொல். நட்டமாக நிற்கிறதா?

இல்லை மகளே, அழவில்லை. சுக்கு கொஞ்சம் காரம்.

இதை எழுத்தில் கொடுப்பாயா? ஆயர் இல்லத்துக்கு இன்றைக்கே அனுப்பிவிடுவாயா? நீ நன்றாக இருப்பாய். உன் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்கும். கல்யாணம் ஆகவில்லையா? ஆகும், ஆகும், நான் வேண்டிக்கொள்கிறேன்.

உன் பஸ் எத்தனை மணிக்கு? ஐந்தரைக்கா? அப்போ இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது. தெருவுக்கு அந்தப் பக்கம் ரோஸ் கலரில் ஒரு கட்டடம் தெரிகிறதா? சமுதாயக்கூடம். தொம்மை கட்டியது. கட்டி மூன்று வருடம்கூட ஆகவில்லை. போன மழைக்கு அதன் வாசல் கதவு சாத்த முடியாமல் போய்விட்டது என்று சொன்னார்கள், எனக்குத் தெரியாது, நான் யாரைப் பற்றியும் ஒன்றும் சொல்வதில்லை. ஆனால் மிஷினும் இருக்கிறது, நீயும் இருக்கிறாய், வெளிச்சமும் இருக்கிறது. சும்மா ஒரே ஒரு சுற்று.

எழுந்திரு மகளே. நீ தலையைப் பிடி, நான் காலைப் பிடிக்கிறேன்.